வீட்டுல வெல்டிங் கத்துக்கணும், எந்த மிஷின், எந்த ராடு, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மாடித்தோட்டம்_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வெல்டிங் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, தொழிலா பண்றதுக்கு இல்ல, நான் பாக்குறது ஆபீஸ் வேலை, ஆனா மாடில தொட்டி வைக்க ரெண்டு மூணு ஸ்டாண்டு வேணும், பின்பக்க கிரில் கேட்ல கீல் ஒண்ணு விட்டுப்போச்சு, இப்படி வீட்டுல எப்பவும் ஏதாவது சின்ன சின்ன இரும்பு வேலை இருந்துக்கிட்டே இருக்கு. பட்டறைல போய் கூப்பிட்டா இவ்ளோ சின்ன வேலைக்கு ஆள் அனுப்ப முடியாதுங்கறாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. அதுவும் போக, இரும்ப இரும்போட சேக்குற வேலைய கிட்ட நின்னு பாக்குறப்ப எல்லாம் நாமளே செஞ்சா என்னன்னு தோணும்.

ஆன்லைன்ல பாத்தா ஆர்க் 200, மிக், டிக், கேஸ்லெஸ் மிக்னு ஒரே குழப்பமா இருக்கு. வீட்டுல சிங்கிள் பேஸ் கரண்ட்தான். வீட்டு லைன் தாங்குமா? எந்த ராடு வாங்கறது? முறையா ஐடிஐ மாதிரி எங்கயாவது போய் படிச்சாதான் வருமா, இல்ல வீட்டுலயே பழகலாமா? இன்னொண்ணு, வீட்டுல எல்லாரும் கண்ணு போயிடும் கண்ணு போயிடும்னு பயப்படுறாங்க, அதுக்கு என்ன பண்ணணும்னும் சொல்லுங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொன்னா நல்லா இருக்கும்.

பாய்லர்காரன்_திருவெறும்பூர்:

தம்பி, சர்வீஸ் முழுக்க பிரஷர் பார்ட்ஸ் வெல்டிங் பாத்து ரிட்டயர் ஆனவன் நான், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல குழப்பத்த விடுங்க. நீங்க சொல்ற வேலைக்கு சாதா ஆர்க் வெல்டிங், அதாவது ராடு வெல்டிங் போதும். ஆர்க்னா ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல எரியற மின்சாரத் தீப்பொறி. மிக்னு போட்டிருக்கே அதத்தான் நம்ம பட்டறைல சிஓ2 வெல்டிங்னு சொல்லுவாங்க, சிலிண்டர், ரெகுலேட்டர், வயர் ஃபீடர்னு செலவு ஏறும், மாடில காத்தடிச்சா கேஸ் பறந்துடும், வெல்டு பூரா ஓட்டை ஓட்டையா வரும். டிக்னா ஆர்கான் வெல்டிங், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு அழகா இருக்கும், ஆனா அது ரெண்டு கையும் தனித்தனியா பழகணும், பொறுமையா பின்னாடி வாங்க. ராடுல பழகினவன் மத்த ரெண்டுக்கும் சீக்கிரம் மாறிடுவான், ஏன்னா உருகின இரும்ப பாக்க கண்ணு பழகியிருக்கும்.

மிஷினுக்கு இன்வெர்ட்டர் டைப் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்ல, வெல்டிங் மிஷின்லயே ஒரு வகை) 200 ஆம்ஸ் போட்டது ஆறாயிரத்துல இருந்து பத்தாயிரத்துக்குள்ள கிடைக்கும். மேல 200னு எழுதியிருந்தாலும் விலை கம்மியான மிஷின் அவ்ளோ தராது, உங்களுக்கு 80, 90 ஆம்ஸ் நிலையா குடுத்தா போதும். ஆனா டியூட்டி சைக்கிள் எவ்ளோனு கேட்டு வாங்குங்க. 60 சதவீதம்னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம்தான் ஆர்க் எரியலாம், மீதி நேரம் ஃபேன் ஓடி மிஷின் ஆறணும்.

ராடு 6013, 2.5 எம்எம். இத மட்டும் வாங்குங்க. அடோர், ஈசாப் எதுவா இருந்தாலும் சரி. அந்த நம்பர்ல 60ங்கிறது 60,000 பிஎஸ்ஐ இழுவிசை பலம், அடுத்த 1ன்னா கிடையா, நெட்டுக்குத்தா, தலைக்கு மேல எப்படி வேணா அடிக்கலாம்னு அர்த்தம், கடைசி ரெண்டும் சேத்து 13ன்னா ரூட்டைல் பூச்சு. ஆர்க் சுலபமா பிடிக்கும், ஸ்லாக், அதாவது ராடு பூச்சு உருகி வெல்டு மேல படியற கசடு, நல்லா உரிஞ்சு வரும். யாராவது 7018 தான் பலம்னு சொல்லுவாங்க, உண்மைதான், பாய்லர் வேலைல நாங்க அடிச்சதும் அந்த வகைதான், ஆனா அது லோ ஹைட்ரஜன் ராடு, 300 டிகிரிக்கு மேல ஓவன்ல காய வெச்சு சூடாவே எடுத்து அடிக்கணும். ஈரம் ஏறின ராடுல அடிச்சா ஹைட்ரஜன் உள்ள போய் பின்னாடி விரிசல் விடும். வீட்டுக்கு அது வேணாம். 6013ம் மழை நாள்ல நமத்துப்போகும், அதனால மூடி இறுக்கமான டப்பால போட்டு வைங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பழைய இரும்பு கடைல போய் 5, 6 எம்எம் கனத்துல பிளேட் துண்டு, பட்டைத் துண்டு கிலோ கணக்குல வாங்கிட்டு வாங்க. துரு, பெயிண்ட் எல்லாம் கிரைண்டர் போட்டு வெள்ளையா எடுங்க. எர்த் கிளாம்ப், அதாவது மிஷின்ல இருந்து வர இன்னொரு வயரோட கவ்வி, கடிக்கிற எடத்தையும் தேய்க்கணும், புதுசா பழகுறவங்க நெறைய பேர் அத விட்டுட்டு மிஷின குறை சொல்லுவாங்க. 2.5 ராடுக்கு 75, 80 ஆம்ஸ்ல வெச்சு, தீக்குச்சி உரசுற மாதிரி உரசி ஆர்க் எடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா பதறாதீங்க, ஒரு திருகு திருகினா வரும், வரலன்னா ராட பிடிச்சிருக்கிற கைப்பிடிய, அதாவது ஹோல்டர அமுக்கி ராட விட்டுடுங்க, முகமூடிய தூக்கிட்டு பிடுங்கக்கூடாது.

ஆர்க் பிடிச்சதும் எல்லாரும் அந்த வெளிச்சத்தையே பாப்பாங்க. அது தப்பு. வெளிச்சத்துக்கு பின்னாடி உருகி குளமா நிக்குதே அத பாருங்க. உத்துப் பாத்தா ரெண்டு பொருள் தெரியும். ஆர்க்குக்கு அடியில பளபளன்னு நடுங்கிக்கிட்டு இருக்கறது இரும்பு. அதுக்கு பின்னாடி கொஞ்சம் மங்கலா, கெட்டியா மூடிக்கிட்டு வரது ஸ்லாக். இந்த ரெண்டையும் கண்ணு பிரிச்சு பாக்க ஆரம்பிச்ச நாள்தான் நீங்க வெல்டிங் கத்துக்க ஆரம்பிச்ச நாள். ஸ்லாக் எப்பவும் பின்னாடியே வரணும். அது முன்னாடி ஓடி வந்து இரும்ப முந்துச்சுன்னா, ஆர்க் நீளமா பிடிச்சிருக்கீங்க, இல்ல கரண்ட் பத்தல, இல்ல ரொம்ப மெதுவா போறீங்க. அப்படியே அடிச்சுக்கிட்டு போனா ஸ்லாக் உள்ள மாட்டிக்கும், வெளிய பாக்க அழகா இருக்கும், உள்ள ஒண்ணும் ஒட்டியிருக்காது.

ஆர்க் நீளம் ராடு கனம் அளவுக்கு, அதாவது ரெண்டு மூணு எம்எம் இருந்தா போதும். ராடு எரிய எரிய குட்டையாகும், கை அதுக்கு ஏத்த மாதிரி இறங்கிக்கிட்டே வரணும், இதுதான் மொதல்ல கைக்கு வராது. ராட போற பக்கமா பத்து பதினஞ்சு டிகிரி சாய்ச்சு பிடிச்சு இழுத்துட்டே வாங்க. நீளம் சரியா இருந்தா எண்ணெய்ல வடை பொரியிற மாதிரி ஒரே சீரா சத்தம் வரும், நீளமாச்சுன்னா படபடன்னு பொறி தெறிக்கும். ஒரே பிளேட்ல பக்கத்துல பக்கத்துல கோடு கோடா அடிங்க, பிளேட் முழுக்க ரொம்பினா அதுக்கு மேலயே குறுக்கால அடிங்க. ஸ்டாண்டு, கேட் எல்லாம் அப்புறம்.

கோவை_மோட்டார்_பட்டறை:

ஐயா வெல்டிங் பக்கம் சொல்லிட்டாருங்க, நான் கரண்ட் பக்கம் சொல்றேனுங்க.

வீட்டு சிங்கிள் பேஸ் தாங்குமானு கேட்டிருக்கீங்க. 2.5 ராடு 80 ஆம்ஸ்ல எரியறப்ப ஆர்க்ல வோல்டேஜ் 23 பக்கந்தான் இருக்கும், பெருக்கி பாத்தா 1.9 கிலோவாட் கிட்ட வருது, மிஷின் நஷ்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேத்தா லைன்ல 12ல இருந்து 15 ஆம்ஸ் இழுக்கும்னு வெச்சுக்கலாமுங்க. அதனால 16 ஆம்ஸ் பவர் பிளக்ல ஓட்டலாம், ஆனா அந்த பிளக்குக்கு டிபில (வீட்டு லைன் எல்லாம் பிரியற ஸ்விட்ச் பெட்டி) இருந்து வர வயர் என்னனு பாருங்க. பழைய வீட்ல சின்ன வயர இழுத்துவிட்டு மேல மட்டும் பெரிய சாக்கெட் மாட்டியிருப்பாங்க, அதுல ஓட்டினா சுவத்துக்குள்ளயே வயர் சூடாகும். 3.15 ராடு 120 ஆம்ஸ்ல அடிக்கணும்னா 16 ஆம்ஸ் பிளக்க மறந்துடுங்க. என்னைக் கேட்டா எலக்ட்ரீசியன கூப்பிட்டு டிபில இருந்து 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்ல தனி லைன், அதுக்கு 25 ஆம்ஸ் சி கர்வ் எம்சிபி (லோடு மீறினா தானா விழற ஸ்விட்ச், சி கர்வ்னா ஆன் பண்ற நேரத்து இழுப்ப தாங்கற வகை), நல்ல எர்த், முன்னாடி ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன வெட்டற ஸ்விட்ச்), இத போட்டுட்டு மிஷின ஆன் பண்ணுங்கனுதான் சொல்லுவேன். பி கர்வ் போட்டா மிஷின் ஆன் பண்ற நேரத்துல சும்மா சும்மா ட்ரிப் ஆகும்.

எக்ஸ்டென்ஷன் போட்டு மாடிக்கு இழுக்கிறதா இருந்தா செல்போன் சார்ஜர் போடற பாக்ஸ் எல்லாம் கூடவே கூடாதுங்க. கனமான வயரா வாங்கி, சுருள் முழுசையும் பிரிச்சு தரைல போட்டுத்தான் ஓட்டணும், சுத்தி வெச்ச படியே ஓட்டினா சூடு வெளிய போகாம இன்சுலேஷன் உருகிடும். வீட்டு யுபிஎஸ் லைன்ல சொருகவே சொருகாதீங்க.

ஷாக் பத்தி ஒரு வார்த்தைங்க. ராடு எரியாதப்ப ஹோல்டர்ல 60, 70 வோல்ட் நிக்கும். காஞ்ச கை, காஞ்ச கிளவுஸ்னா ஒண்ணும் தெரியாது. வேர்த்து நனைஞ்ச சட்டையோட, ஈரத் தரைல செருப்பு இல்லாம நின்னுக்கிட்டு ராடு மாத்தினீங்கன்னா அதுவே ஆள அடிச்சு போடற அளவு. மழைத் தூத்தல் விழுந்தா அன்னிக்கு வேலைய மூடிடுங்க, மாடி வேற ஈரமா இருக்கும்.

அப்புறம் போலாரிட்டி, அதாவது எந்த வயர் பிளஸ்ல, எந்த வயர் மைனஸ்லங்கறது. இன்வெர்ட்டர் மிஷின் டிசி கரண்ட் தருது, முன்னாடி பிளஸ் மைனஸ்னு ரெண்டு சாக்கெட் இருக்கும். ஹோல்டர் பிளஸ்ல, எர்த் மைனஸ்ல வெச்சா ஊடுருவல் அதிகம், வெல்டு இரும்புக்குள்ள ஆழமா இறங்கும். மெல்லிசு டியூப்ல ஓட்டை விழுதுன்னா மாத்தி ஹோல்டர மைனஸ்ல போட்டு பாருங்க, 6013 ரெண்டு பக்கமும் ஓடும்.

கிரில்கேட்_அக்கா_தஞ்சாவூர்:

எங்க வீட்டுக்காரரும் நானும் பட்டறை நடத்துறோம், கிரில் கேட் வேலைதான். கண்ணு பத்தி கேட்டிருக்கீங்க தம்பி, அத நான் சொல்றேன்.

வீட்டுல பயப்படுறது நியாயம்தான். ஆனா முகமூடி சரியா போட்டா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. ஆட்டோ டார்க் ஹெல்மெட்னு வருது, ஆர்க் பிடிச்ச நொடியே கண்ணாடி தானா கருப்பாகும், புதுசா பழகுறவங்களுக்கு அதுதான் நல்லது, ராடு நுனி எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே ஆரம்பிக்கலாம். 2.5 ராடுக்கு ஷேடு, அதாவது கண்ணாடியோட கருமை அளவு, 10ல வைங்க, கரண்ட் கூட்டினா 11. சும்மா கருப்பு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு பாயிண்ட் (முழுசா அடிக்கறதுக்கு முன்னாடி பிடிச்சு நிறுத்த வைக்கிற சின்ன வெல்டு) வைக்கிற ஆளுங்கள எங்க ஊர்லயே பாக்குறேன், வயித்தெரிச்சலா இருக்கு. ஒரு பாயிண்ட்தானேன்னு கண்ண மூடிக்கிட்டு அடிக்கிறதும் அதே தப்புதான்.

கண்ணுல ஆர்க் அடிச்சா அப்பவே தெரியாது. சாயங்காலம் நல்லாத்தான் இருக்கும், ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் கழிச்சு, ராத்திரி தூங்குறப்ப கண்ணு உறுத்தி எரியும், தண்ணியா கொட்டும், விளக்க பாக்க முடியாது. அல்ட்ரா வயலட் கதிர் கண்ணோட மேல் தோல சுட்டுடுது, வெயில்ல முதுகு தோல் கருகுற மாதிரிதான். ஊர்ல தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை, அத வை இத வைனு சொல்லுவாங்க. எதையும் கண்ணுல விடாதீங்க, கிருமி போனா அதுதான் பெரிய ஆபத்து. கண் டாக்டர்கிட்ட போங்க, சொட்டு மருந்து குடுப்பாங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குற பிள்ளைங்களுக்கும் இதே கதைதான், அதனால நீங்க வேலை பாக்குறப்ப மாடிக் கதவ தாழ்ப்பாள் போட்டுடுங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் நேரா தெரிஞ்சா ஒரு தகரத்த மறைப்பா நிறுத்துங்க.

துணி காட்டன் மட்டும் போடுங்க, முழுக்கை சட்டை, ஜீன்ஸ். பாலியஸ்டர் மேல பொறி விழுந்தா உருகி தோலோட ஒட்டிக்கும். கால்ல ஷூ, பேண்ட் அதுக்கு மேல விழணும், உள்ள சொருகினா பொறி நேரா ஷூவுக்குள்ள போகும். கைக்கு லெதர் கிளவுஸ். கிரைண்டர் போடறப்ப தனியா கண்ணாடி, கிரைண்டர் கார்டை (வீல மூடியிருக்கிற காப்பு மூடி) கழட்டிட்டு வேலை செய்யற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டறைங்கள்ல வெல்டிங்கால பட்ட காயத்த விட கட்டிங் வீல் உடைஞ்சு பட்ட காயந்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

ஜிஐ பைப்புல அடிக்காதீங்க. வீட்டுல கிடக்கிற பழைய தண்ணி பைப்ப எடுத்து பழகலாம்னு தோணும். மேல இருக்கிற துத்தநாகம் எரிஞ்சு வெள்ளைப் புகையா வரும், அத மூச்சுல இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் வலிக்கும். பால் குடிச்சா சரியாகும்னு எல்லா பட்டறைலயும் சொல்லுவாங்க, வயித்துக்கு போற பால் நுரையீரலுக்கு போன புகைய என்ன பண்ணும் சொல்லுங்க. கட்டாயம் அடிச்சே ஆகணும்னா ரெண்டு பக்கமும் பூச்ச தேய்ச்சு எடுத்துட்டு, காத்தோட்டமான எடத்துல, காத்து முதுகுப் பக்கமோ முகத்துக்கு நேராவோ இல்லாம பக்கவாட்டுல அடிக்கிற மாதிரி நில்லுங்க.

மாடில கீத்து, காஞ்ச மட்டை, தேங்கா நார் எல்லாம் இருக்கா? தோட்டக்காரங்க வீட்டுல கண்டிப்பா கோகோபீட் மூட்டை இருக்கும். அதையெல்லாம் நல்லா தள்ளி வைங்க, பொறி பத்து மீட்டர் தூரம் கூட உருண்டு போகும். நார்ல விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளுக்குள்ள கனிஞ்சு கனிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு பிடிக்கும். வாளில தண்ணி, மணல் வைங்க, வேலை முடிஞ்சதும் கீழ போய் டிவி பாக்காம அரை மணி நேரமாவது அங்கயே கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருங்க. பெட்ரோல் டேங்க், ஆயில் டிரம், பெயிண்ட் டின், இத எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீங்க. காலி டிரம்தான் வெடிக்கும், உள்ள ஆவி நிக்குது.

மாடித்தோட்டம்_மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. அண்ணா சொன்ன மாதிரி தனி லைன் இழுத்தாச்சு, மிஷின், ஹெல்மெட், கிளவுஸ், 2.5 ராடு எல்லாம் வாங்கிட்டேன், கோகோபீட் மூட்டைய கீழ இறக்கிட்டேன் அக்கா. இரும்பு கடைல 5 எம்எம் பிளேட் துண்டு வாங்கி கோடு கோடா அடிச்சுக்கிட்டு இருக்கேன், இப்ப ஒட்டாம ஆர்க் பிடிக்க வருது, ஸ்லாக்கும் இரும்பும் தனித்தனியா தெரிய ஆரம்பிச்சிருக்கு ஐயா, அத முதல் தடவ பாத்தப்ப வந்த சந்தோஷத்த சொல்ல முடியல.

இப்ப ரெண்டு சந்தேகம். அடிச்சது உள்ள நல்லா பிடிச்சிருக்கானு எப்படி தெரிஞ்சுக்கறது? ஸ்டாண்டுக்கு 18 கேஜ் ஸ்கொயர் டியூப் போதும்னு கடைல சொல்றாங்க, சரியா?

பாய்லர்காரன்_திருவெறும்பூர்:

உடைச்சு பாக்கணும் தம்பி. எங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, உங்களுக்கு சுத்தியல் போதும். ஒரு பட்டைத் துண்ட படுக்க வெச்சு, அதுக்கு மேல இன்னொண்ண நெட்டுக்குத்தா நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் முழு நீளத்துக்கும் அடிங்க. நல்லா ஆற விட்டு, வைஸ்ல கடிக்க வெச்சு, வெல்டு இல்லாத பக்கத்துல இருந்து சுத்தியலால ஓங்கி அடிங்க, நிக்கிற துண்டு வெல்டு மேல மடங்கணும். உடையாம மடங்கி படுத்துட்டா நல்ல வெல்டு. உடைஞ்சா இன்னும் நல்லது, ஏன் உடைஞ்சதுன்னு அந்த உடைஞ்ச முகமே சொல்லும். உருண்டை உருண்டையா ஓட்டை இருந்தா ஈரம், துரு, பெயிண்ட், இல்ல நீளமான ஆர்க். கருப்பா கண்ணாடி மாதிரி இருந்தா ஸ்லாக் மாட்டியிருக்கு. மூலைல பிளேட்டோட பழைய விளிம்பு உருகாம நேர்கோடா அப்படியே தெரிஞ்சா ஆர்க் வேருக்கு, அதாவது ரெண்டும் சேர்ற அடி மூலைக்கு, போகவே இல்ல. படிச்சாதான் வருமான்னு கேட்டீங்கல்ல, ஐடிஐல வெல்டர் டிரேடு ஒரு வருஷம், அங்கயும் இததான் பண்ண வைப்பாங்க. எங்க திருச்சி பெல் (பிஎச்இஎல்) கம்பெனிக்குள்ள வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் 1975ல இருந்து இருக்கு, அது தொழிலா எடுத்துக்கறவங்களுக்கு. உங்க தேவைக்கு பக்கத்து பட்டறைக்காரர்கிட்ட ஒரு நாள் உக்காந்து கை எப்படி போகுதுன்னு பாத்தா போதும், டீ வாங்கிக் குடுத்தா சொல்லித் தருவார்.

கிரில்கேட்_அக்கா_தஞ்சாவூர்:

18 கேஜ்னா 1.2 எம்எம்தான் கனம், அதுல 2.5 ராட வெச்சா புதுக்கைக்கு ஓட்டைதான் விழும். முதல் ஸ்டாண்டுக்கு 2 எம்எம் கனத்துல டியூபோ, 25க்கு 3 ஆங்கிளோ (25 எம்எம் அகலம், 3 எம்எம் கனம், எல் வடிவ இரும்பு) வாங்குங்க, விலை கொஞ்சம் கூட ஆனாலும் தொட்டி மண் நனைஞ்சா என்ன கனம் கனக்கும்னு உங்களுக்கே தெரியும். நாலு மூலையும் மூலைமட்டம் வெச்சு பாயிண்ட் மட்டும் வைங்க. அப்புறம் குறுக்கால மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கானு பாருங்க, இல்லன்னா தட்டி சரி பண்ணுங்க. அதுக்கு மேலதான் முழுசா அடிக்கணும், அதுவும் ஒரு மூலை முடிச்சா அடுத்தது எதிர் மூலை. ஆறுறப்ப வெல்டு சுருங்கி தன் பக்கம் இழுக்கும், ஒரே பக்கமா அடிச்சுக்கிட்டு போனா ஃபிரேம் திருகிக்கிட்டு நாலு காலும் தரைல நிக்காது. ஊஞ்சல், ஏணி, பால்கனி கைப்பிடி, இதெல்லாம் ஆள் உயிரு தாங்குற சாமான், இப்போதைக்கு கை வைக்காதீங்க.

மாடித்தோட்டம்_மதுரை:

ஐயா, டி மாதிரி நிறுத்தி அடிச்சு உடைச்சேன். 75 ஆம்ஸ். ஒரே அடில கீழ் பிளேட்ட விட்டு வெல்டு பிரிஞ்சு வந்துடுச்சு, நிக்கிற துண்டோட மட்டும் நல்லா ஒட்டியிருக்கு. கீழ் பிளேட்ல நான் கிரைண்டர் போட்ட கோடு கூட அழியாம அப்படியே இருக்கு. ஓட்டை எதுவும் தெரியல.

பாய்லர்காரன்_திருவெறும்பூர்:

அந்தக் கிரைண்டர் கோடுதான் பதில். கீழ் பிளேட் உருகவே இல்ல, மேல இருந்து வழிஞ்ச இரும்பு அது மேல சும்மா படுத்திருக்கு. ராட நிக்கிற துண்டு பக்கம் சாய்ச்சு பிடிச்சிருக்கீங்க. 45 டிகிரில, ரெண்டுக்கும் நடு மூலைய குறி வெச்சு, ராடு பூச்சு மூலைய கிட்டத்தட்ட தொடுற அளவுக்கு ஆர்க்க நெருக்குங்க. டி ஜாயிண்ட்ல சூடு மூணு பக்கமா ஓடிடும், வெறும் பிளேட்ல கோடு அடிச்ச கரண்ட் இதுக்கு பத்தாது, 85, 90க்கு ஏத்துங்க. குளத்தோட ரெண்டு ஓரமும் ரெண்டு பிளேட்லயும் சமமா நனைஞ்சு பிடிக்குதானு பாத்துக்கிட்டே நகருங்க, கீழ் ஓரம் பின்தங்கினா அங்க ஒரு நொடி நில்லுங்க. அடிச்சு உடைச்சதும் ரெண்டு துண்டோட முகத்தையும் போட்டோ எடுத்து போடுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து விழுற மாதிரி எடுத்தாதான் உள்ள இருக்கறது எனக்கு தெரியும்.